நாலாம் நம்பர் மவுஸ்

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி நகைக்கடையில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து மே வரை என் வீட்டுக்காரி கோலம் வரைந்து தீர்த்துவிட்டாள். மிச்சம் எனக்கு. என் அக்கா மகள் மாரிச்செல்வி நாளைக்குப் பெரிய ஆளாகும்போது, அவளை உருவாக்கியது யார் என்று ஊர் கேட்கும். ஆதாரம் வேண்டும் அல்லவா? அதற்காக எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் உச்சிமாகாளி. வயது நாற்பத்தாறு, பார்த்தால் முப்பத்தைந்துக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். படிப்பு ஒன்பது. பத்தும் முடித்திருப்பேன், கணக்கு வாத்தியாருக்கு என் மூளையைப் பார்த்துப் பொறாமை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மாகாளி கேம் சென்டர் என்னுடையது. ஆறு கம்ப்யூட்டர். அதற்கு முன்னால் இருபது வருஷம் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போட்டவன். இப்போதும் நம் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மட்டும் போடுவேன். குற்றாலத்தில் ஒருமுறை, முப்பது அடி தூரத்தில் நூலில் தொங்கிய நாலணாவை ஒரே குண்டில் அறுத்து விழச் செய்தேன். பார்த்துக்கொண்டிருந்த தாசில்தார் எழுந்து வந்து கை கொடுத்தார்.

செல்விக்கு இருபது வயது. பி.காம். முடித்துவிட்டாள். ஐந்து பேருக்கு ஐந்து பேர் எதிர்நின்று சுட்டுக்கொள்ளும் ஆன்லைன் ஆட்டத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. சென்னையில் ஒரு பெண்கள் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஜூலை 13ஆம் தேதி தேர்வு. நம் கடையில் உட்கார்ந்தே ஆன்லைனில் ஆடலாம். எடுத்துவிட்டால் சென்னையில் தங்க இடம், மாதச் சம்பளம். அவள் அப்பா, அதாவது என் அத்தான், சொல்லிவிட்டார்: ஆடி முடிவதற்குள் ஏதாவது ஆனால் சரி, இல்லையென்றால் ஆவணியில் புளியங்குடி உரக்கடை மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

ஆக, அவள் வாழ்க்கை என் கையில்.

ஜூன் 3, செவ்வாய்

பாடம் ஒன்று. இன்று செல்வி என்னிடம், "குறியத் தரையில இழுத்துக்கிட்டே போவக்கூடாது மாமா. வாரவன் தலை எந்த உசரத்துல இருக்குமோ அந்த உசரத்துலயே வச்சுக்கிட்டு நடக்கணும். அப்பந்தான் அவன் தட்டுப்பட்டதும் கொஞ்சூண்டு நவுத்துனாப் போதும்" என்றாள். இது என் மனதில் ஏற்கெனவே இருந்ததுதான். அவள் முந்திக்கொண்டாள்.

பாடம் இரண்டு. ஓடிக்கொண்டே சுடக்கூடாது. நின்று சுட வேண்டும். இதையும் அவள்தான் சொன்னாள், ஆனால் நான் தலையாட்டினேன்.

நானும் ஒரு ஆட்டம் ஆடினேன். எப்படியும் பதினைந்து பேரைச் சுட்டிருப்பேன். ஸ்கோர் பலகையில் ஒன்று என்று காட்டியது. கம்ப்யூட்டர் பழசு.

ஜூன் 9, திங்கள்

செல்வியிடம் நான் ஒரு பைசா வாங்குவதில்லை. காலையில் கடையைத் திறப்பாள், கூட்டுவாள், ஆறு கீபோர்டையும் துடைப்பாள், மத்தியானம் நான் சாப்பிட்டுத் தூங்கி எழும்வரை கல்லாவைப் பார்த்துக்கொள்வாள். அவ்வளவுதான். அதற்கே நாலாம் நம்பர் கம்ப்யூட்டரை அவளுக்கென்று விட்டிருக்கிறேன். தாய்மாமன் என்றால் சும்மாவா?

அந்த நாலாம் நம்பரில் மவுஸுக்கு வேகம் வைக்கும் எண் ஒன்று இருக்கிறது. 800. ஆட்டத்துக்குள்ளே ஒரு எண், மவுஸுக்கென்று தனியே இந்த எண். வருகிறவர்கள் நோண்டிவிடுகிறார்கள் என்று இதை என் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்.

"அத மட்டும் என்னைக்கும் தொட்டுராதிய மாமா" என்றாள் செல்வி. "ரெண்டு வருசமா கைக்கு அதுதான் மனப்பாடம். எவ்வளவு இழுத்தா எவ்வளவு திரும்பும்னு யோசிக்காமலே வரும். மாத்துனா எல்லாம் போயிரும்."

"எனக்கே சொல்லிக் குடுக்கியா?" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

சென்னையிலிருந்து டீம் மேனேஜர் வீடியோவில் பேசினார். ஒரு மரியாதைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு செல்வியின் பின்னால் நின்றேன். பக்கத்து செல்போன் கடைக் கொம்பையா, இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

மேனேஜர் கேட்டார்: "நீ ஆடி அனுப்பின வீடியோ பார்த்தேன். உன் எய்ம் செமயா இருக்கும்மா. கோச் யாரு?"

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"கோச்செல்லாம் யாரும் இல்ல சார். நானாப் பாத்துப் பழகுனேன். இடம் மட்டும் எங்க மாமாவோடது."

பேசி முடித்ததும் கொம்பையா என் தோளைத் தட்டினான். "என்ன அண்ணாச்சி, ஒரு மாசமா கோச்சு கோச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீரு. கடைசில நீரு இடம்தானா?" எல்லோரும் சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள். ரொம்பச் சிரிக்கவில்லை, கொஞ்சம்தான்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. சின்னப் பிள்ளை. நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தேன்.

ஜூன் 16, திங்கள்

என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாத ஒரு தொழில் ரகசியத்தை இன்று எழுதுகிறேன்.

பலூன் சுடும் துப்பாக்கியின் முனையில் குறி பார்க்க ஒரு முள் இருக்கும். கடை போடும் முன் இடுக்கியால் அதை ஒரு முடி அளவு வலப்பக்கம் வளைத்துவிட வேண்டும். ஒரு முடிதான். நிறைய வளைத்தால், வந்தவன் துப்பாக்கி சரியில்லை என்று சண்டைக்கு வருவான். ஒரு முடி வளைத்தால் என்ன சொல்வான் தெரியுமா? 'இன்னிக்குக் கை சரியில்ல' என்பான். இருபது வருஷத்தில் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். தவறினால் மனுஷன் முதலில் சந்தேகப்படுவது தன் கையைத்தான்.

காலையில் செல்வி வருவதற்கு முன்பு நாலாம் நம்பர் மவுஸுக்கு ஒரு சின்ன வைத்தியம் பார்த்தேன். 800 இருந்ததை 830 ஆக்கினேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கை தடுமாறும். தடுமாறினால் மாமா என்று வருவாள். நானும் சொல்லிக்கொடுப்பேன். தேர்வு நாளன்று எண்ணைப் பழையபடி நிமிர்த்திவிட்டால் குறி திரும்ப வந்துவிடும். யாரால் வந்தது என்று கொம்பையாவுக்கும் தெரியும், சென்னைக்கும் தெரியும்.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. செல்வி இரண்டு ஆட்டம் தோற்றாள்.

ஜூன் 20, வெள்ளி

870.

குறி தலையைத் தாண்டிப் போகிறது என்கிறாள். ஆட்டத்துக்குள் இருக்கும் எண்ணை மூன்று தடவை திறந்து பார்த்தாள். அது அப்படியேதான் இருக்கிறது, நான் தொடவில்லையே. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, மவுஸ்ல ஏதும் மாத்துனியளா?"

"ஏட்டி, உன் கை தப்புனா அதுக்கும் நான்தானா?"

"இல்ல மாமா, சும்மா கேட்டேன்." உடனே வலது கையை விரித்து விரித்து மூடினாள். "என் கைதான் என்னமோ பண்ணுது."

ஆயிரத்தில் ஒருத்தி என்று நினைத்திருந்தேன். அவளும் அந்த ஆயிரம் பேரில் ஒருத்திதான்.

ஜூன் 24, செவ்வாய்

யூபிஎஸ்ஸுக்குள் பல்லி புகுந்து செத்துக்கிடந்தது. அரை நாள் போனது. அந்த நேரத்திலும் செல்வி சும்மா இருக்கவில்லை. நகம் வெட்டினாள், நாற்காலி உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தாள், மேஜையைத் துடைத்தாள், மவுஸ் அடியில் ஒட்டியிருந்த அழுக்கை ஊசியால் எடுத்தாள்.

910.

ஜூன் 28, சனி

அக்கா பேச்சித்தாய் வீட்டுக்கு வந்தாள். "ஏல மாகாளி, புள்ள சோறு திங்க மாட்டங்கா. கை போச்சு, கை போச்சுன்னு அழுதா. டாக்டரு எலும்பு நல்லாத்தான இருக்குங்காரு. கட்டு கட்டிக்கிட்டுத் திரியுதா. நீ கொஞ்சம் பாரேம்ல."

"என்கிட்ட விடுக்கா. குற்றாலத்துல அறுபது அடியில நாலணாவ அறுத்தவன் நான். கலெக்டரே எந்திரிச்சு நின்னாரு."

"தாசில்தாருல்லா சொன்ன?"

"ரெண்டு பேரும் இருந்தாங்க."

ஜூன் 30, திங்கள்

960. போதும் என்று நிறுத்திக்கொண்டேன். எனக்கும் மனசு இருக்கிறது.

மாலையில் செல்வி வந்து நாலாம் நம்பரில் உட்காராமல், கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றாள். மற்ற ஐந்து கம்ப்யூட்டரிலும் ஆள். கொம்பையாவும் இருந்தான்.

"மாமா, எனக்கு ஒண்ணும் புரிய மாட்டங்கு. நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்லுதபடி செய்யுதேன்."

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னாள்.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

என் பயிற்சி முறை. பிற்காலத்தில் யாருக்காவது உதவும்.

ஒரு செங்கலை வலது கையில் பிடித்து நீட்டியபடி கால் மணி நேரம் நிற்க வேண்டும். பிறகு அதே கையால் பத்து ஊசிக்கு நூல் கோக்க வேண்டும். பிறகு திரையைப் பார்க்காமல் என் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆட்டம் ஆட வேண்டும். இதெல்லாம் எங்கே படித்தேன் என்று கேட்டான் கொம்பையா. சொந்தமாக வருவதுதான். காலையில் பல் தேய்க்கும்போது வரும்.

இன்று செங்கல் அவள் காலில் விழுந்தது. கொம்பையா, "அண்ணாச்சி, புள்ளைய டீமுக்கு அனுப்பப் போறீரா, கொத்தனாருக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. செல்வி பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வெயில் அதிகம்.

"இன்னொரு தடவ எடுக்கட்டா மாமா?" என்றாள்.

எடு என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே வந்து திறந்துவிடுகிறாளாம். பால்காரர் சொன்னார். கரண்டு பில் என் தலையில்.

ஜூலை 11, வெள்ளி

நான் மத்தியானம் தூங்கி எழுந்து வந்தால், நாலாம் நம்பரிலிருந்து ஒரு கத்தல்.

"வந்துட்டு மாமா! கை வந்துட்டு!"

திரையைப் பார்த்தேன். முப்பத்தொரு பேரைச் சுட்டிருக்கிறாள். அவ்வளவும் தலையில். இது பலகையே காட்டியது, என் கணக்கு இல்லை.

"எப்படிட்டி?"

"தினமும் காலையில ஆறு மணியிலேருந்து பழகுதேன் மாமா. முன்ன ஒரு விரக்கடை இழுத்த இடத்துல இப்ப அதுக்குக் கொஞ்சம் கம்மியா இழுக்கேன். அப்படித்தான் சரியா நிக்கி. ஏன்னு தெரியல. கை மாறிட்டு, நானும் மாறிக்கிட்டேன். அவ்வளவுதான்." அவள் கண்ணில் தண்ணீர். "பத்து நாளுல ரெண்டு வருசத்த மறந்துட்டுப் புதுசாப் படிச்சிருக்கேன் மாமா."

அவளாகவே படித்தாளாம். என் செங்கல், என் ஊசி எதையும் சொல்லவில்லை.

அப்புறம் நிதானமாக யோசித்தேன். கோபப்பட ஒன்றும் இல்லை. வளைந்த துப்பாக்கியிலேயே இவள் முப்பத்தொன்று சுடுகிறாள் என்றால், நிமிர்ந்த துப்பாக்கியில் என்ன சுடுவாள்? ஐம்பது? அறுபது? நான் நிமிர்த்தத்தானே போகிறேன்? அன்றைக்கு ஊரே பார்க்கும்.

ஜூலை 13, ஞாயிறு

தேர்வு பத்து மணிக்கு.

இன்று நன்றாகத் தூங்கிவிட்டு ஒன்பது மணிக்கு வந்தால் போதும் என்று செல்வியிடம் சொல்லியிருந்தேன். ஏழு மணிக்கே நானே கடையைத் திறந்து பாஸ்வேர்டு போட்டு 800 ஆக்கினேன். மனசு லேசானது. சாமி சத்தியமாக லேசானது. நல்லது செய்கிறவனுக்கு மட்டும்தான் அப்படி இருக்கும்.

செல்வி ஒன்பது மணிக்கு வந்து உட்காரப் போனாள். அரை மணி நேரம் கை பழக வேண்டுமாம். நான் விடவில்லை. கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரசாதப் புற்றுமண் வாங்கி, குழைத்து, அவள் மணிக்கட்டில் நானே பூசினேன். வரும் வழியில் டீக்கடை, பூக்கடை எல்லா இடத்திலும் நின்று, 'இதுதான் நான் தயார் பண்ணிய பிள்ளை' என்று சொல்ல வேண்டியிருந்தது. கடை வாசலில் அக்கா ஆரத்தி எடுத்தாள். உள்ளே கொம்பையாவோடு எட்டுப் பேர் நின்றார்கள். செல்வி உட்காரும்போது மணி பத்தாக இரண்டு நிமிடம்.

முதல் ஆள் வந்தான். செல்வியின் குறி அவன் தலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அவள் செத்தாள். இரண்டாவது தடவையும் எட்டவில்லை. மூன்றாவது தடவை இழுத்துப் பார்த்தாள், தாண்டிப் போனது. நான் நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன், அவள் கை ஏன் வளைந்தே போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. என் பலூன் கடைக்கு வருகிறவன் பத்துக் குண்டு சுட்டுவிட்டுப் போய்விடுவான். எவனும் பத்து நாள் நின்று என் துப்பாக்கியைப் பழகியதில்லை.

சுற்றுக்கு நடுவில் அரை நிமிடம் கிடைக்கும். செல்வி காதிலிருந்து ஹெட்போனை இறக்கிவிட்டுத் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, மவுஸ் மாறியிருக்கு. நீங்க ஏதும் மாத்துனியளா? மாத்தியிருந்தா சொல்லுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாஸ்வேர்டப் போட்டு நேத்து இருந்தபடி மட்டும் வச்சிருங்க. ஒரு நிமிசம் போதும்."

ஒரு நிமிடம்கூட வேண்டாம். பாஸ்வேர்டு நாலு எழுத்து. 960 மூன்று எழுத்து.

எட்டுப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொம்பையா வாயைத் திறந்தபடி நின்றான்.

"நான் ஏம்ட்டி மாத்துதேன்? புத்துமண்ணு மேல சத்தியம். உனக்குப் பயம். பயத்துல கை இழுக்கு. மூச்ச இழுத்து விடு."

அவள் மணிக்கட்டில் காய்ந்துபோயிருந்த புற்றுமண்ணைப் பார்த்தாள். "பயம்தான் போல மாமா" என்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மூன்று ஆட்டம். மொத்தம் நாலு பேரைச் சுட்டாள். நடுவில் டீமில் ஒரு பெண் பேசியது, கூட்டம் கேட்கட்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த ஸ்பீக்கரிலும் கேட்டது: "இவங்கதானா அந்த சங்கரன்கோவில் பொண்ணு? வீடியோல வேற யாராச்சும் ஆடியிருப்பாங்க போல." செல்விக்கும் கேட்டது. கடைசி ஆட்டம் முழுவதும் அவள் மூலையில் நின்று சாவதற்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் தன்மையான மனுஷன். "டென்ஷன்ல நடக்கறதுதான்மா. நல்லா ட்ரை பண்ணின" என்றார்.

"வீட்டுக்குப் போவோம்ட்டி" என்றாள் அக்கா. எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "நான் செங்கல்ல இன்னும் பத்து நாளு நிக்கச் சொன்னேன். கேக்கல" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

கடையை நானே கூட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூலை 21, திங்கள்

செல்வி வருவதில்லை. புளியங்குடியிலிருந்து பார்க்க வந்து, பிடித்துப்போய், தட்டு மாற்றிவிட்டார்கள். ஆவணியில் முதல் முகூர்த்தம். மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம், கண் கெட்டுவிடும் என்றாராம். அக்கறையான ஆள்.

கடை வாசலில் ஒரு போர்டு எழுதி வைத்திருக்கிறேன்: 'சென்னை டீம் தேர்வு வரை சென்ற வீராங்கனைக்குப் பயிற்சி அளித்த இடம்.' செங்கலையும் பார்வைக்கு வைத்திருக்கிறேன். நாலாம் நம்பருக்குத்தான் இப்போது ரொம்பப் போட்டி.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித்தபசு. ஊர் கொள்ளாத கூட்டம். பலூன் கடை காலையிலிருந்து களைகட்டியது. முள்ளை வழக்கம்போல வளைத்திருந்தேன். குற்றாலத்தில் நூறு அடி தூரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நாலணாவைச் சுட்டதை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் அக்காவும் செல்வியும். செல்வி மெலிந்துவிட்டாள்.

"வாட்டி கல்யாணப் பொண்ணே! ஒரு கை பாக்கியா?" என்று மைக்கிலேயே கூப்பிட்டேன். "சென்னை வரைக்கும் போக வேண்டிய கை! பலூன்லயாவது படுதான்னு பாப்போம்!"

கூட்டம் சிரித்தது. அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். துப்பாக்கியை வாங்கி, தோளில் வைத்து, மஞ்சள் பலூனைக் குறிவைத்தாள். படவில்லை. பக்கத்தில் பலகையில் குண்டு பதிந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி அதே பலூன். படவில்லை. மறுபடி அதே இடத்தைப் பார்த்தாள்.

மூன்றாவது குண்டில் பலூன் வெடித்தது. அப்புறம் நாலு, ஐந்து, ஆறு, வரிசையாக. பத்துக் குண்டில் எட்டுப் பலூன். இருபது வருஷத்தில் என் கடையில் எவனும் நாலைத் தாண்டியதில்லை. கூட்டம் விசிலடித்தது.

அவள் சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பி முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரல் நுனியால் முள்ளைத் தொட்டாள். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, அன்றாடம் கடையில் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்:

"எவ்வளவு வச்சிருந்திய மாமா?"

"தொள்ளாயிரத்து அறுவது" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. மைக் கையில்தான் இருந்தது, ஆனால் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

"தேர்வுக்கு?"

ஜெயித்த ஒரு பையனுக்குச் சோப்பு டப்பா எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

"வளைச்சதக்கூடப் பழகிக்கிட்டேன் மாமா" என்றாள். துப்பாக்கியை மேஜையில் வைத்தாள். வைக்கும்போது சத்தமே வரவில்லை. "ஒரு மாசமா இந்தக் கைய நான் என்னெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா?"

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுபோல.

கடையைச் சீக்கிரமே கட்டிவிட்டேன். மழை வரும்போல் இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அக்கா பத்திரிகை கொண்டுவந்தாள். உட்காரவில்லை. தாய்மாமன் சீரை வாசுதேவநல்லூரில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி எடுக்கட்டும், உன் கையால் மாலை வேண்டாம் என்று பிள்ளை ஒரே பிடியாக நிற்கிறாள் என்றாள். ஏன் என்று கேட்டாளாம், சொல்லவில்லையாம். "அவ என்னல உன் மேல இம்புட்டுக் கோவமா இருக்கா?" என்று என்னையே கேட்டாள். கல்யாணப் பெண்கள் அப்படித்தான் என்றேன். எனக்கும் இடுப்பு வலி. சீர்த் தட்டைத் தூக்க முடியாது.

அக்கா போன பிறகு வேலை ஒன்றும் இல்லை. மொட்டை மாடியில் துப்பாக்கியை எடுத்து முள்ளை இடுக்கியால் நேராக நிமிர்த்தினேன். கொடியில் பத்துப் பலூன் கட்டித் தொங்கவிட்டு, பதினைந்து அடி தள்ளி நின்று சுட்டேன்.

இரண்டு பட்டது. காற்று.

ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம்.